சிறு படகுக்கும் ஆற்றில் ஓர் இடம்

இங்கிலாந்தில் இன்று ஒரு சிறிய பாய்மரப் படகை வாங்குவது பெரிய காரியம் அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய, ஆறேழு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் படகுகள் பழைய கார் விலைக்கே கிடைக்கின்றன. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாகத் தருபவர்களும் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தப் படகை எங்கே கட்டி வைப்பது? தென்கடற்கரையின் தனியார் படகுத்துறைகள் படகின் நீளத்தை அளந்து, மீட்டர் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பல நூறு பவுண்டு வாங்குகின்றன. பழைய படகு ஒன்றின் விலையை ஓராண்டு வாடகையே தாண்டிவிடும். ஆற்றின் நடுவே மிதவையில் கட்டிக்கொள்ளும் எளிய இடத்துக்கு இதில் ஒரு சிறு பங்குதான் செலவு. ஆனால் நெரிசலான ஆறுகளில் அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தேவை அதிகம், இடம் குறைவு, ஆகவே விலை ஏறுகிறது என்று இதைச் சந்தையின் இயல்பாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்த விளக்கம் முழுமையானது அல்ல. கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதிகளில் படுகையின் பெரும்பகுதி பொது அமைப்புகளின் கையில் இருக்கிறது. அதை யாருக்கு, எந்த நிபந்தனையில், என்ன விலைக்குத் தருவது என்பது சட்டமும் நிர்வாகமும் எடுக்கும் முடிவு. அந்த முடிவைச் சிறு படகுக்காரர்களுக்குச் சாதகமாக மாற்ற முடியும், மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தூர தேசத்துப் பொழுதுபோக்கில் நமக்கு என்ன வேலை என்று தமிழ் வாசகர் கேட்கலாம். ஆற்றுப்படுகை யாருடையது, அதை அரசு யாருக்காக வைத்திருக்கிறது என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றம் வரை வந்து தீர்ப்பும் பெற்ற கேள்வி. அதே கேள்விக்கு இங்கிலாந்து எப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பாய்மரப் படகு என்றதும் பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணமே முதலில் வரும். ஒரு காலம் வரை அது உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து அந்த நிலையை மாற்றியது. 1963-இல் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு மிரர் என்ற சிறு படகு வந்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைக் கம்பியால் இழுத்துக் கட்டி, இடைவெளியைப் பசையும் கண்ணாடி இழையும் கொண்டு அடைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே அதைச் செய்துகொள்ளலாம். அன்றைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் பின்னர் உருவாயின. 1969-இல் வெஸ்டர்லி சென்டார் வந்தது. நான்கைந்து பேர் படுத்துறங்கக்கூடிய, எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஃபைபர் கிளாஸ் படகு அது. 1980 வரை 2400-க்கும் மேல் கட்டப்பட்டன. ஷேன் ஆக்டன் என்பவர் ஷ்ரிம்பி என்று பெயரிட்ட 18 அடி ஒட்டுப்பலகைப் படகில் 1972-இல் புறப்பட்டு, 1980-இல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பினார். இந்த அலையில் தண்ணீருக்கு வந்தவர்களில் ஆசிரியர்கள், தச்சர்கள், தொழிற்சாலை ஊழியர்கள் எனச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

சென்டார் படகின் அடிப்புறத்தைக் கவனித்தால் இந்தக் கட்டுரையின் விஷயம் அங்கேயே தெரியும். வழக்கமான பாய்மரப் படகுக்கு அடியில் நீளவாக்கில், கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஏரா (கீல்) ஒன்றுதான் இருக்கும். நீர் வற்றினால் அப்படகு ஒருபக்கம் சாய்ந்துவிடும். சென்டாருக்கு இரண்டு ஏராக்கள். வற்றத்தில் சேற்றின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், ஏற்றத்தில் தானாக மிதந்து எழும். பாய் விரித்து ஓடுவதில் இதனால் கொஞ்சம் வேகம் குறையும். அந்த இழப்பைத் தெரிந்தேதான் வாங்கினார்கள். ஆழமான நீரில் கிடைக்கும் இடம் விலை கூடியது, நீர் வற்றும் சேற்றோரம் மலிவானது என்பதே காரணம். ஒரு நாட்டின் படகு வடிவத்தையே மாற்றும் அளவுக்குக் கட்டுமிடத்தின் விலை வலிமையானது. அந்தக் காலத்துப் படகுகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. ஃபைபர் கிளாஸ் எளிதில் அழிவதில்லை. படகு என்ற தடை ஏறக்குறைய விலகிவிட்டது. இடம் என்ற தடை மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது.

அந்த இடத்துக்கு உண்மையில் என்ன செலவாகிறது? ஆற்றின் அடியில் கனமான கான்கிரீட் கட்டியோ நங்கூரமோ புதைத்து, அதிலிருந்து சங்கிலி இழுத்து, சங்கிலியின் தலையில் ஒரு மிதவையைக் கட்டினால் அதுவே மூரிங். படகு மிதவையில் கட்டப்பட்டு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். குறுகலான ஆற்றில் சுற்ற இடமில்லை என்றால் முன்னும் பின்னும் இரு மிதவைகளில் அல்லது மரத்தூண்களில் கட்டி வரிசையாக நிறுத்துவார்கள். சங்கிலியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, தேய்ந்த கண்ணிகளை மாற்ற வேண்டும். மின்சாரமோ குடிநீர்க் குழாயோ மிதக்கும் நடைபாதையோ காவலாளியோ இங்கே இல்லை. கரையிலிருந்து சிறு தோணியைத் துடுப்பிட்டுத்தான் படகுக்குப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டின் உண்மையான செலவு இரும்பும் கான்கிரீட்டும் சில மணி நேர உழைப்பும் மட்டுமே. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு பவுண்டும் நீருக்கு அடியில் கிடக்கும் சேற்றின் வாடகை.

அந்தச் சேறு யாருடையது என்பதில்தான் சட்டம் நுழைகிறது. கடல்நீர் ஏறி இறங்கும் நீர்நிலைகளில் படகு ஓட்டும் உரிமை இங்கிலாந்தில் எல்லோருக்கும் உண்டு. பயணத்தின் நடுவே நங்கூரம் போட்டுச் சில காலம் தங்குவதும் அந்த உரிமைக்குள் வரும். நிரந்தரமாக மூரிங் போட்டுக்கொள்வது வராது. சிச்செஸ்டர் துறைமுகப் பகுதியில், எம்ஸ்வொர்த் ஊரை ஒட்டிய ஃபௌலி ரைத் என்ற ஓடையைப் பற்றிய வழக்கில் 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஸ்காட்லாந்தில் ஃபேர்லி படகுத்துறை நிறுவனத்துக்கு எதிரான 1979-ஆம் ஆண்டு வழக்கிலும் அதே முடிவு வந்தது. ஆகவே படுகையின் உரிமையாளர் அனுமதித்தால்தான் மூரிங். அந்த உரிமையாளர் பெரும்பாலும் கிரௌன் எஸ்டேட். முடியாட்சியின் பெயரில் இருந்தாலும் 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து அதன் உபரி வருவாய் அரசுக் கருவூலத்துக்கே போகிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான கடற்படுகை ஏறக்குறைய முழுவதும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட கரைநிலத்தில் பாதியளவும் அதன் பொறுப்பில் இருக்கின்றன.

இப்படி ஒரே கையில் குவிந்த நிலத்தின் வாடகையைச் சந்தை விலை என்று அழைக்கலாமா? 1961-ஆம் ஆண்டு கிரௌன் எஸ்டேட் சட்டத்தை எழுதியவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தொகையைப் பெற வேண்டும் என்று அதன் மூன்றாம் பிரிவு கட்டளையிடுகிறது. அதே பிரிவு, ஒப்பிடத்தக்க நிலம் பெருமளவில் முடியாட்சியிடமே இருப்பதால் உண்டாகும் ஏகபோக மதிப்பை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஏகபோகம் இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு, அதன் லாபத்தை எடுக்காதே என்கிறது. ஓர் ஆற்றின் படுகை முழுவதும் ஒருவரிடமே இருக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பது பக்கத்துத் தனியார் படகுத்துறையின் விலைதான். அந்த விலையே இடத் தட்டுப்பாட்டில் பிறந்தது. அதை அளவுகோலாக எடுத்தால், விலக்கச் சொன்ன ஏகபோக மதிப்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

மாற்று வழி தொலைவில் இல்லை. ஸ்காட்லாந்தில் 2017 முதல் இந்தச் சொத்துகளைத் தனி அமைப்பு நிர்வகிக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தின் மதிப்பைப் பேணச் சொல்வதோடு, அந்தப் பணியைப் பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நலனுக்கும் சுற்றுச்சூழல் நலனுக்கும் உதவும் விதத்தில் செய்யவும் இடம் தருகிறது. அந்த நோக்கங்கள் நிறைவேறும் என்றால் சந்தை மதிப்புக்குக் குறைவாகவும் குத்தகைக்கு விடலாம். ஒரே தீவு, ஒரே முடியாட்சி, ஒரே வகைச் சேறு. எல்லைக்கு வடக்கே ஒரு விதி, தெற்கே இன்னொரு விதி. ஸ்காட்லாந்தில் செய்ய முடிந்ததை இங்கிலாந்தில் செய்ய முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நல்ல நிர்வாகத்துக்கும் முன்மாதிரிகள் இருக்கின்றன. ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள் ஆறு இங்கிலாந்தின் மிக நெரிசலான படகு ஆறுகளில் ஒன்று. 3000-க்கும் மேற்பட்ட படகுகள் அங்கே கட்டப்பட்டிருக்கின்றன. தனியார் படகுத்துறைகள் இருக்கும் அதே ஆற்றில், கவுன்டி கவுன்சிலின் கீழ் இயங்கும் துறைமுக ஆணையம் ஆற்று நடுவிலுள்ள மூரிங்குகளைக் காத்திருப்போர் பட்டியலின்படி ஒதுக்குகிறது. சிச்செஸ்டரில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஒரு பாதுகாப்பு அமைப்பு படகுப் போக்குவரத்தையும் மூரிங்குகளையும் இயற்கைப் பாதுகாப்பையும் சேர்த்தே கவனிக்கிறது. அதற்குப் பங்குதாரர்கள் இல்லை. வருவாய் துறைமுகத்துக்கே திரும்புகிறது. ஸ்வீடனில் நகராட்சியிடமிருந்து நீர்ப்பரப்பைக் குத்தகைக்கு எடுத்துப் படகுச் சங்கங்கள் நடத்துகின்றன. உறுப்பினர்களே துறையைப் பழுதுபார்க்கிறார்கள், முறை வைத்து இரவுக் காவல் இருக்கிறார்கள். பணம் குறைவாக உள்ளவர் உழைப்பைத் தந்து ஈடுசெய்ய அங்கே வழி இருக்கிறது. இங்கிலாந்தின் மூரிங் சங்கங்களும் கிழக்குக் கரையோரச் சிறு பாய்மரச் சங்கங்களும் இதே வழியில் நடப்பவைதான். அவற்றின் குத்தகை உறுதியாகவும் நீண்டதாகவும் இருந்தால்தான் புதிய சங்கிலியில் பணம் போட அவற்றுக்குத் துணிவு வரும்.

சிறு படகுகளுக்கு இடம் தருவதைச் சட்டக் கடமையாக்கக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை என்று தோன்றினால், அதே நாட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கும் காய்கறித் தோட்டத் துண்டுகளைப் பார்க்கலாம். சொந்தத் தோட்டம் இல்லாத நகரவாசிகள் சிறு நிலத்துண்டைக் குறைந்த வாடகைக்கு எடுத்துப் பயிர்செய்யும் இந்த ஏற்பாட்டை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. தேவை இருக்கும் இடத்தில் உள்ளாட்சி போதுமான துண்டுகளைத் தர வேண்டும். ஊர் வாக்காளர்கள் ஆறு பேர் எழுதிக் கேட்டாலே அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்றது. தோட்டத் துண்டுகளுக்கும் இன்று காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் நிலத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் அந்தத் துண்டுகள் பெரும்பாலும் தோட்டங்களாகவே இருக்கின்றன. தக்காளி பயிரிட ஐந்து சென்ட் நிலம் பொதுநலன் என்று ஒப்புக்கொண்ட நாடு, ஒரு சிறு படகு மிதக்க ஒரு வட்டத் தண்ணீரையும் பொதுநலன் என்று ஒப்புக்கொள்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இனி எதிர்வாதங்கள். படகு வைத்திருப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு, அதற்குப் பொதுச் சொத்தை ஏன் மலிவாகத் தர வேண்டும் என்பது முதல் கேள்வி. பொழுதுபோக்கு என்பதாலேயே பொதுக் கவனத்துக்குத் தகுதியற்றதாகிவிடாது. பூங்கா, நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாம் பொழுதைப் பயனுள்ளதாக்கப் பொதுப்பணத்தில் உருவானவைதான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வாடகை ஏறுவதால் வசதியானவர்கள் ஆற்றை விட்டுப் போவதில்லை. அவர்கள் தனியார் துறைக்குப் பணம் கட்டித் தங்குகிறார்கள். பழைய சென்டாரை வைத்திருக்கும் ஓய்வூதியரும், முதல் படகை வாங்கிய இளம் தம்பதியும்தான் போகிறார்கள். இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லி மலிவான இடங்களை ஒழித்தால், அந்தக் கூற்றை நாமே உண்மையாக்குகிறோம்.

இரண்டாவது கேள்வி வரிப்பணம் பற்றியது. இங்கே கேட்பது மானியம் அல்ல. சங்கிலி, கான்கிரீட், பராமரிப்பு, நிர்வாகம் ஆகிய முழுச் செலவையும் படகுக்காரரே தரட்டும். படுகையின் வாடகையை மட்டும் பெயரளவில் வைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. இதனால் கருவூலம் எவ்வளவு இழக்கும்? கிரௌன் எஸ்டேட் 2023-24 நிதியாண்டில் ஈட்டிய நிகர வருவாய் சுமார் 110 கோடி பவுண்டு. இவ்வளவு பெரிய தொகைக்கு முக்கியக் காரணம் கடலில் காற்றாலை அமைக்கும் நிறுவனங்கள் கட்டிய தொகை. அந்தக் கணக்கில் சிறு படகு மூரிங்குகளின் வாடகை கண்ணுக்கே தெரியாது. மூரிங்கில் இருக்கும் படகு ஊருக்குப் பயனும் தருகிறது. பாய் தைப்பவர், இன்ஜின் பழுதுபார்ப்பவர், சங்கிலி தூக்கும் தொழிலாளி, கரையோரக் கடை என்று சிறு தொழில்கள் அதைச் சார்ந்திருக்கின்றன. படகுகள் குறைந்த ஆற்றில் படகுப் பட்டறைகளும் மூடப்படும். பிறகு அந்தக் கரைநிலம் அடுக்குமாடி வீடுகளுக்கு விற்கப்படும். ஒருமுறை போன பட்டறை திரும்பி வருவதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் சுற்றுச்சூழல். இது வலுவானது, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது. பழைய முறை மூரிங்கில் சங்கிலி தரையில் இழுபட்டு, சுற்றியுள்ள கடற்புல்லை வட்டமாக வழித்துவிடும். கடற்புல் மீன் குஞ்சுகளின் புகலிடம். ஆகவே கடற்புல் உள்ள இடங்களில் புதிய சங்கிலி கூடாது, பழையதையும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வழி தெரிந்ததுதான். டார்செட் கடற்கரையின் ஸ்டட்லேண்ட் விரிகுடா 2019-இல் கடல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தரையில் திருகாணிபோல் இறங்கும் பிடிப்பும், தரையில் இழுபடாமல் நீளும் நெகிழ்வான கயிறும் கொண்ட மூரிங்குகள் நிறுவப்பட்டிருக்கின்றன. விதி போட்டால் படகுலகம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசிய டிபிடி என்ற நச்சுப் பூச்சு சிப்பிகளின் ஓட்டைச் சிதைத்தது தெரிந்ததும், 1987-இல் சிறு படகுகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. நீரில் அந்த நச்சின் அளவும் பின்னர் குறைந்தது. மூரிங்கை மறுத்தால் தேவை தனியார் துறைக்குத் திரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தத் துறைக்குச் சேற்றை ஆழமாகத் தோண்ட வேண்டும், தூண்கள் அடிக்க வேண்டும், கரையை மதில் கட்டி அடைக்க வேண்டும். நன்றாகத் தேர்ந்த இடத்தில் போட்ட மிதவை அதைவிட ஆற்றுக்கு மிகக் குறைந்த பாரம்.

நான்காவது, கைவிடப்பட்ட படகுகள். மலிவான இடம் கொடுத்தால் யாரும் கவனிக்காத பழைய படகுகள் அங்கேயே மக்கிக் கிடக்கும் என்று துறைமுக அதிகாரிகள் அஞ்சுவது நியாயமே. ஃபைபர் கிளாஸின் உறுதி, அதன் ஆயுள் முடிந்த பிறகு சுமையாகிவிடுகிறது. ஆனால் இது மலிவான இடத்தால் வந்த பிரச்சினை அல்ல, கழிக்க வழியில்லாததால் வந்த பிரச்சினை. பிரான்ஸ் 2019-இலிருந்து பழைய பொழுதுபோக்குப் படகுகளைப் பிரித்துக் கழிக்கும் நாடு தழுவிய ஏற்பாட்டை நடத்துகிறது. புதிய படகு விற்பவர்கள் செலுத்தும் தொகை அதற்கு உதவுகிறது. இங்கிலாந்தும் அதைச் செய்யலாம். மூரிங் தரும்போதே காப்பீட்டுச் சான்றும் சிறு முன்பணமும் கேட்கலாம். ஒரு பருவம் முழுவதும் இடம் விட்டு நகராத படகின் உரிமையாளரிடம் காரணம் கேட்டு, தகுந்த காரணம் இல்லையென்றால் இடத்தை அடுத்தவருக்குத் தரலாம். காத்திருப்போர் பட்டியலும் இதனால் நகரும்.

ஐந்தாவது, வீட்டு நெருக்கடி. லண்டனிலும் தேம்ஸ் நதியிலும் வாடகை தாங்காமல் படகிலேயே குடியிருப்போர் பலர். மலிவான மூரிங்குகள் குடியிருப்புகளாக மாறிவிடும் என்ற கவலை அங்கிருந்து வருகிறது. படகில் வாழ்வோரின் தேவை உண்மையானது. அதற்குக் கழிவுநீர் ஏற்பாடும் கரை வசதியும் கொண்ட தனி இடங்கள் வேண்டும். வெறும் மிதவை அவர்களுக்கும் நல்ல வீடாகாது. இரண்டு தேவைகளையும் இரண்டு அனுமதிகளாகப் பிரித்து வைத்தால் ஒன்று இன்னொன்றை விழுங்காது. வீடு கட்டத் தவறிய அரசின் குறையைக் காட்டி, பாய்மரப் படகின் இடத்தைப் பறிப்பது எந்தப் பிரச்சினையையும் தீர்க்காது.

இன்னொரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். கடல்நீர் எட்டாத மேல்நதிகளில் படுகை பொதுவாகக் கரை நிலக்காரருக்கு நடுநதி வரை சொந்தம். தேம்ஸில் டெடிங்டனுக்கு மேலே கிரௌன் எஸ்டேட் வாதம் அப்படியே செல்லாது. ஆனால் அங்கேயும் கரையோரப் பூங்காக்களும் நடைபாதைகளும் நிறைய இடங்களில் உள்ளாட்சிகளின் கையில் இருக்கின்றன. தங்கள் கரையில் எத்தனை சிறு படகுகளுக்கு இடம் தரலாம் என்று அவை கணக்கெடுக்க முடியும். நடுநதி மூரிங்கோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரையில் தோணியை இறக்கவும் ஏற்றவும் பொது இறங்குதுறை இல்லை என்றால் மூரிங் இருந்தும் பயனில்லை. ஆர்வெல் ஆற்றின் பின் மில் போன்ற ஊர்களில் சரளைக்கல் பரப்பிய கரை இன்னும் இருப்பதால்தான் அந்த ஆறு சிறு படகுகளின் ஆறாக இருக்கிறது. கரையை அடைத்துக் கட்டடம் எழுப்பும் ஒவ்வொரு திட்டத்திலும் இறங்குதுறையை நிபந்தனையாக வைக்க வேண்டும்.

ஆகச் செய்ய வேண்டியவை நான்கு. ஒவ்வொரு கழிமுகத்திலும் எத்தனை மூரிங்குகள் உள்ளன, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பொதுவில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒரு பங்கை எட்டு மீட்டருக்கு உட்பட்ட படகுகளுக்கென்று ஒதுக்கி, செலவுக்கு ஈடான கட்டணத்தில் தர வேண்டும். அந்த இடத்தை விற்கவோ வேறொருவருக்கு வாடகைக்கு விடவோ அனுமதிக்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைத் திருத்தி, ஸ்காட்லாந்தில் உள்ளதைப் போலச் சமூகப் பயனையும் சுற்றுச்சூழல் பயனையும் விலையோடு சேர்த்து எடைபோட இடம் தர வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. படுகை யாருக்காக இருக்கிறது என்பதில் தெளிவு இருந்தால் போதும்.

அந்தத் தெளிவு நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரை வனநிலம் ஒரு தங்கும் விடுதிக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, நதியின் போக்கே திருப்பப்பட்ட விவகாரத்தில், எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நதி, கடற்கரை, காடு, காற்று ஆகியவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பாளராக வைத்திருக்கிறது, தனியார் லாபத்துக்கு அவற்றைத் தாரை வார்க்க முடியாது என்று சொல்லி அந்தக் குத்தகையை ரத்து செய்தது. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபிலிருந்து வந்த கொள்கையை நம் நீதிமன்றம் உரக்கச் சொன்னது. அந்த மரபு பிறந்த நாட்டிலோ ஆற்றுப்படுகை இன்னும் முதன்மையாக வருமானம் தரும் சொத்தாகவே நிர்வகிக்கப்படுகிறது. தீர்ப்பு நூலில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறு என்பது நமக்கும் தெரியும். எனவே நம் ஊரில் ஒரு முகத்துவாரமோ ஆற்றங்கரையோ குத்தகைக்குப் போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்தால், அங்கே இன்று படகு கட்டுகிறவர்கள் யார், நாளை அவர்களுக்கு எந்த இடம், என்ன கட்டணத்தில் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கேளுங்கள்.